தேசிக்காயும் இயற்கைதானே

என் இடது தாடையில் ஒரு பழுப்புக் கோடு ஏழு மாதம் இருந்தது. காதுக்குக் கீழே தொடங்கி, கழுத்துப் பக்கமாக வழிந்து, நடுவில் இரண்டாகப் பிரிந்து, யாரோ தேத்தண்ணியை ஊற்றிவிட்டுத் துடைக்க மறந்த மாதிரி. பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். சூடு பட்டதா, எண்ணெய் தெறித்ததா என்று. திருகோணமலை பத்திரகாளி அம்மன் கோயிலில் ஒரு அம்மா, எனக்கு ஆளைத் தெரியவே தெரியாது, பக்கத்தில் வந்து நின்று மெல்லிய குரலில் "வீட்டில ஏதும் பிரச்சினையா மகள்?" என்று கேட்டார். தேசிக்காய் பட்டது என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தீபாராதனை முடியும் வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் உண்மை அதுதான். 2023 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணி. பாதித் தேசிக்காய், ஒரு தேக்கரண்டி தேன், இரண்டையும் கலந்து முகத்தில் பூசிப் பதினைந்து நிமிடம் வைத்தால் வெயில் கறுப்பு போகும் என்று கைபேசியில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் பூசினேன். முகத்தை ஒழுங்காகத்தான் கழுவினேன், கழுத்தை மறந்துவிட்டேன், வழிந்தது எனக்குத் தெரியவும் இல்லை. அதற்குள் சிநேகிதி அழைத்தாள், பிள்ளைகள் கடலுக்குப் போகவேண்டுமென்று நிற்கிறார்கள், வாறியா என்று. எங்கள் வீட்டிலிருந்து உப்புவெளிக் கடற்கரைக்கு நடந்தே போகலாம். மூன்று மணித்தியாலம் மணலில் நின்றேன்.

அன்றைக்கு ஒன்றுமில்லை. அடுத்த நாள் இரவு எரிந்தது. திங்கட்கிழமை சிவந்து, அதன்மேல் பொட்டுப் பொட்டாகக் கொப்புளம். அந்த வார முடிவில் கொப்புளம் அடங்கிக் கோடு கறுத்துவிட்டது. தோல் வைத்தியரிடம் போனபோது அவர் பார்த்த மாத்திரத்தில் கேட்ட முதல் கேள்வி, "தேசிக்காய் பிழிஞ்சீங்களா?"

அதற்கு ஒரு நீளமான பெயரும் இருக்கிறது, பைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ். தேசிக்காயில், அதிலும் தோலில்தான் கூடுதலாக, ஃபியூரனோகூமரின் என்ற வகை இரசாயனங்கள் இருக்கின்றன. இருட்டில் இருந்தால் அவை ஒரு பாவமும் செய்யாது. தோலில் பட்டிருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் விழுந்தால்தான் வேலையைக் காட்டும், தோல் கலங்களை எரித்த மாதிரிச் சேதப்படுத்தும். உடனே தெரியாமல் ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வெளிவருவதால் எதனால் வந்தது என்று நமக்கும் பிடிபடாது. வெளிநாடுகளில் கடற்கரையில் உட்கார்ந்து தேசிக்காய் பிழிந்து குடிவகை கலக்கிறவர்களின் கையில் இப்படி வருவதுண்டாம். எனக்குக் குடிவகை கூட இல்லாமல் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் சொன்னேன். அவருக்கு எண்பத்து நான்கு வயது, கண் கொஞ்சம் மங்கல், நாக்கு மங்கவில்லை.

"தேசிக்காய ஆரடி பிள்ளை முகத்தில தேய்க்கிறது? தலைக்கு வைக்கிறதெண்டாலே அவிச்சுத்தான் வைக்கிறது. வைச்சிட்டுக் கிணத்தடியிலயே கழுவிப்போட்டுத்தான் வெளிய வாறது. உனக்கு ஆர் சொன்னது?"

போனைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

இவ்வளவையும் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வீட்டுச் சரக்கை வைத்துத் தோல் பராமரிக்கிற ஆள். இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்கிறேன், விருப்பத்தோடு செய்கிறேன். ஆனால் யாராவது "இது இயற்கை, ஒன்றும் செய்யாது" என்று சொன்னால் எனக்குத் தாடையில் கை போய்விடும். தேசிக்காயும் இயற்கைதானே.

நான் இதற்குள் வந்தது இயற்கை மேல் காதல் கொண்டு என்று சொன்னால் பொய். 2022இல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் எல்லோருக்கும் என்ன நடந்ததோ அதுதான் எனக்கும் நடந்தது. காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, இரவில் மின்வெட்டு, அதற்கிடையில் ஆவணி மாதம் அரசாங்கம் ஷாம்பு, வாசனைத் திரவியம் என்று முந்நூறு பொருட்களின் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதற்கு முன்பே விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. நான் வழக்கமாக வாங்கும் முகம் கழுவும் திரவத்தின் விலையைக் கடையில் கேட்டுவிட்டுப் பருப்பு மட்டும் வாங்கிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறது. அன்றைக்கு அம்மா அலுமாரி மேலிருந்து ஒரு பழைய பால்மாத் தகரத்தை இறக்கினார். உள்ளே பயத்தம் மா. "நாங்கள் எல்லாம் இதில வளந்த ஆக்கள்தான்" என்றார். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார், இவ்வளவு காலமும் நான் போத்தலுக்குப் பின்னால் ஓடியது அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த மாவில் எனக்கு ஒரு அதிசயம் காத்திருந்தது, அதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதம் எடுத்தது. எங்கள் ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் குடிக்க முடியாத உவர் இல்லை, ஆனாலும் கடினத் தண்ணீர். கேத்தலுக்கு அடியில் வெள்ளைப் பொருக்குப் படியும், வாளியில் சவர்க்காரத்தைக் கரைத்தால் நுரை வராமல் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு ஆடை மிதக்கும். அந்த ஆடைதான் விடயம். தண்ணீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத ஒரு பொருளாக மாறுகின்றன, அது குளியலறைச் சுவரில் படிவது போலவே நம் தோலிலும் படிகிறது. குளித்து முடித்துத் துவாயால் துடைத்த பிறகு கை கால் இழுத்துப் பிடித்த மாதிரி, நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். சின்ன வயதில் அந்தக் கோட்டில் பெயர் எழுதி விளையாடியிருக்கிறோம். பயத்தம் மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது சவர்க்காரம் இல்லையே, கல்சியத்தோடு சண்டை பிடிக்க அதற்கு ஒன்றுமில்லை. மாவும் அதிலுள்ள கொஞ்ச நஞ்சச் சப்போனின் என்ற நுரைக்கும் பொருளும் எண்ணெய் அழுக்கைப் பிடித்துக்கொண்டு கழன்றுவிடும். சீயாக்காய், அரப்பு எல்லாம் அதே சப்போனின் சாதிதான். உவர்த் தண்ணீர்க் கரையில் இருந்த பழைய ஆட்கள் இரசாயனம் படிக்காமலே சரியான விடையைப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவில் ஐந்தை ஒட்டி நிற்கும், எண் குறையக் குறைய அமிலம் கூடும். சாதாரணக் கட்டிச் சவர்க்காரம் ஒன்பது, பத்து. தேசிக்காய்ச் சாறு இரண்டுக்குக் கிட்ட. இந்த அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், ஐந்துக்கும் இரண்டுக்கும் இடையில் மூன்று படிதானே என்று நினைக்கக் கூடாது, ஆயிரம் மடங்கு. வெயிலே படாமல் அறைக்குள் இருந்து பூசினாலும் அது தோலுக்குச் சுகமான சாமான் இல்லை. சிலர் அதோடு அப்பச்சோடாவையும் சேர்த்துப் பூசச் சொல்கிறார்கள். நுரைக்கும்போது வேலை செய்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

சரி, என் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி என்பது அம்மம்மாவின் எண்ணெய் முழுக்குக் கணக்கு. எனக்கு விடுமுறை சனிக்கிழமைதான், எனவே நான் அந்த வகையில் ஆண். காலையில் ஏழரைக்கு முன்பு, வெயில் கிணற்றடிக்கு வருவதற்குள் வேலை முடியவேண்டும். நல்லெண்ணெயை ஒரு சின்னக் கிண்ணத்தில் விட்டு, அந்தக் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்தால் போதும், அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டியதில்லை. உச்சியில் தொடங்கி, காது மடலுக்குப் பின்னால், கழுத்து, முழங்கை, குதிக்கால். குதிக்காலில் எண்ணெய் போடும்போது அம்மம்மா அங்கே இருந்தால் "நல்லா அமத்து, அமத்து" என்று கொண்டே இருப்பார். தேங்காய் எண்ணெய் உடம்புக்கு நல்லதுதான், அதன் வாசமும் எனக்குப் பிடிக்கும், ஆனால் என் முகத்துக்கு ஆகாது. இரண்டு வாரம் இரவில் பூசிப் படுத்ததில் நெற்றி முழுக்க ஊசிமுனை அளவில் பொரிப்பொரியாக வந்தது. தங்கச்சி அதே எண்ணெயைத்தான் முகத்தில் பூசுகிறாள், அவள் முகம் கண்ணாடி. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கே இப்படியென்றால், யாரோ ஒரு பெண் தன் முகத்துக்குச் சரிவந்தது என்று சொல்வதை நம்பி நாம் எதற்குக் குதிக்கிறோம் தெரியவில்லை.

எண்ணெய் ஊறும் அரை மணித்தியாலத்தில் கற்றாழை வெட்டுவேன். இதில்தான் எனக்கு அதிக சந்தோசம். எங்கள் மதிலோரம் ஐந்து செடி இருக்கிறது, ஒரு செடி வைத்தது ஐந்தாகியிருக்கிறது. நடுவில் உள்ள குருத்தைத் தொடக் கூடாது, அடியில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் தடித்த மடலை அடியோடு ஒட்டி வெட்ட வேண்டும். வெட்டிய உடனே அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்காதீர்கள், வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு கிளாசுக்குள் நிறுத்திவையுங்கள். ஒரு நிமிடத்தில் மஞ்சளாக ஒரு நீர் வடியத் தொடங்கும். முதலில் துளித்துளியாக, பிறகு கண்ணாடியோரம் கோடு இழுத்து இறங்கும், கசந்த மணம், கொஞ்சம் பச்சை வெங்காயம் நசுங்கிய மாதிரி. காற்றுப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் அது பழுப்பாகிவிடும், சட்டையில் பட்டால் கறை போகாது. இந்த மஞ்சள் நீரில்தான் அலோயின் இருக்கிறது, கற்றாழை பூசினால் அரிக்கிறது என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இதை வடியவிடாமல் பூசியவர்கள் என்பது என் ஊகம். பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு, மடலைக் கழுவி, இரண்டு பக்க முள் ஓரத்தையும் கத்தியால் சீவி, மேல்தோலை மட்டும் உரித்தால், உள்ளே கண்ணாடிக் கட்டி. கையில் நிற்காது, மீன் மாதிரி வழுக்கும். அதை மறுபடி ஒருதரம் பச்சைத் தண்ணீரில் அலசிக் கரண்டியால் மசித்து முகத்தில் போட்டால் குளிர்ச்சி மூக்குக்குள் வரை போகும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது, தின்கிற கச்சான் இல்லை, அந்த வரண்ட சூட்டுக் காற்று, முகத்தில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகும் அந்த மாதங்களில், இதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது.

அந்தக் கட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் சீக்கிரம் பழுதாகும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் நான் இரண்டு நாளுக்கு மேல் வைப்பதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடையில் வாங்கும் கற்றாழை ஜெல் இரண்டு வருடம் கெடாமல் இருக்கிறதே, அதுவும் பச்சையாக. உண்மையான கற்றாழைக் கட்டிக்கு நிறமே இல்லை. பச்சை என்றால் சாயம். நிறம் பற்றி எனக்குக் கோபமில்லை, பார்த்துச் சிரித்துவிட்டு வாங்கலாம்.

தயிர் இன்னொரு சுகம். மூதூர்ப் பக்கமிருந்து வரும் சட்டித் தயிரில் மேலே கட்டியாக நிற்பதில் இரண்டு கரண்டி எடுத்துத் துணியில் வடித்து, பயத்தம் மாவோடு குழைத்தால் முகத்துக்குப் போதும். தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் தேசிக்காய் மாதிரி முரட்டு அமிலம் இல்லை, இறந்த தோலை மெதுவாகக் கழற்றும். மிச்சச் சட்டியை என்ன செய்வது என்று நான் சொல்லத் தேவையில்லை, கித்துள் பாணி வீட்டில் இருக்கிறது. உண்மையில் சில சனிக்கிழமைகளில் முகத்துக்கு வைத்த தயிரும் பாணியோடு போய்விடும்.

குளிப்பு முடிந்ததும் துவாயால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே ஒரு துளி எண்ணெயோ கிறீமோ பூசிவிட வேண்டும். இதற்குக் காசு ஒன்றும் இல்லை, ஆனால் இது ஒன்றுதான் என் வரண்ட காலை மாற்றியது. எண்ணெய் ஈரத்தைக் கொண்டு வராது, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும். காய்ந்த பிறகு பூசினால் பூட்ட ஒன்றும் இருக்காது. கொதிக்கிற தண்ணீரில் குளிப்பதும் கூடாது. கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணற்றிலும் வாளி வாளியாக அள்ளி ஊற்றிவிட்டு வந்து இரண்டு நாள் சொறிந்தவள் நான், அதனால் சொல்கிறேன். கன்னியாவுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, இராவணன் தாய்க்காகக் குத்திய கிணறு என்று சொல்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, போகாமல் இருக்க முடியுமா. போய் வந்தால் எண்ணெய் பூசுங்கள்.

இந்த எண்ணெய், மா, பூ, இலை எல்லாம் ஏன் மனதுக்கு இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், எனக்குச் சித்திரை வருடப்பிறப்பு மருத்துநீர்தான் நினைவுக்கு வருகிறது. கோயிலில் காய்ச்சிச் சின்னப் போத்தலில் ஊற்றித் தருவார்களே, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, பால் என்று என்னென்னவோ போட்டு. தலையில் ஒரு இலை, காலடியில் ஒரு இலை, அப்பா ஒவ்வொருவராக நிறுத்தி உச்சியில் வைப்பார், கண்ணுக்குள் வழியும், கத்துவோம். அது தோலுக்கு நல்லதா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை. அந்த வாசம் உடம்பில் இருக்கும் வரை புது வருடம். சனிக்கிழமை வேலையில் பாதி எனக்கு அதுதான், மினுக்கம் வந்தால் மேலதிக வருமானம்.

இனிக் கடைப்பக்கம். எல்லாவற்றையும் வீட்டில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. தங்கச்சி டொரொண்டோவில் இருக்கிறாள். ஒரு முறை அவள் அனுப்பிய பெட்டியில் அழகான கண்ணாடிச் சாடி, மேலே பொன் எழுத்தில் நூறு வீதம் இயற்கை, கன்னித் தேங்காய் எண்ணெய் என்று. திருப்பிப் பார்த்தால் அடியில் சின்ன எழுத்தில், இலங்கைத் தயாரிப்பு. நம் தேங்காய் பாவம், கனடா போய்ப் பத்து மடங்கு விலையோடு உப்புவெளிக்குத் திரும்பி வந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்தச் சாமானின் முன்பக்கத்தையும் நான் வாசிப்பதில்லை, நேரே பின்பக்கம்.

முன்பக்கத்தில் இயற்கை, ஹெர்பல், ஆயுர்வேதம் என்று என்னவும் எழுதலாம். அமெரிக்காவில்கூட அழகுசாதனத்தில் இயற்கை என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரைவிலக்கணம் இல்லை. பின்பக்கப் பட்டியலில் அவ்வளவு சுதந்திரம் கிடையாது. கூடிய அளவில் உள்ளது முதலில், பிறகு இறங்கு வரிசையில் எழுதுவதுதான் முறை, ஒரு வீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த ஒழுங்கிலும் போடலாம். செடிகளின் பெயர் இலத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், கோகோஸ் நூசிஃபெரா என்றால் நம் தென்னை, அசாடிராக்டா இண்டிகா வேம்பு, சாண்டலம் ஆல்பம் சந்தனம், அக்குவா என்றால் வெறும் தண்ணீர். ஒரு வேம்புக் கிறீமை எடுத்தேன், போத்தல் முழுக்க வேப்பிலைப் படம். வேம்பு எங்கே என்று தேடினால் வாசனைக்கும், கெடாமல் வைத்திருக்கும் பாதுகாப்பானுக்கும் பின்னால், சாயத்துக்கு ஒரு இடம் முன்னால் நின்றுகொண்டிருந்தது. திருவிழாவில் தேரைக் காண முடியாமல் ஆட்களின் தலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற பிள்ளை மாதிரி.

பாதுகாப்பான் என்ற சொல்லைக் கண்டால் பலர் சாமானைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். நான் வைக்க மாட்டேன். தண்ணீர் கலந்த எந்தக் கிறீமிலும் அது இல்லாவிட்டால் பக்டீரியாவும் பூஞ்சணமும் வரும், அதுவும் நம் சூட்டுக்கு. ஒரு தெரிந்த அக்கா வீட்டில் செய்து விற்ற பாதுகாப்பான் இல்லாத கற்றாழைக் கிறீமை மூன்றாம் வாரம் திறந்தேன், மூடிக்குள் சாம்பல் நிறத்தில் பஞ்சு வளர்ந்திருந்தது. எண்ணெய் மட்டும், தூள் மட்டும் என்றால் பாதுகாப்பான் இல்லாமல் சமாளிக்கலாம், ஈரக் கை படாமல் இருக்கும் வரை. நான் அதிகம் பார்ப்பது வாசனையைத்தான். லிமோனீன், லினலூல் என்று பட்டியலின் கடைசியில் எழுதியிருப்பவை சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை, ஐரோப்பாவில் அவற்றைப் பெயர் சொல்லி எழுதியே ஆகவேண்டும். அவை தொழிற்சாலையில் பிறந்தவை என்று நினைக்கவேண்டாம், தோடம்பழத் தோலிலும் லாவெண்டர் பூவிலும் இருப்பவைதான்.

புதிதாக எது வாங்கினாலும், வீட்டில் எது அரைத்தாலும், முழங்கை மடிப்பின் உள்பக்கம் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பாருங்கள். தேசிக்காய் விசயத்தில் இதுகூட என்னைக் காப்பாற்றியிருக்காது, முழங்கை மடிப்பில் வெயில் படாதே.

பட்டியலே இல்லாத சாமானைத் தொடவே தொடாதீர்கள். எங்கள் உறவில் ஒரு பிள்ளை கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு ஒரு ஃபான்சிக் கடையில் மூடி மட்டும் உள்ள ஒரு டப்பா வாங்கிப் பூசினாள். பெயருமில்லை, முகவரியுமில்லை. மூலிகை என்றுதான் சொல்லிக் கொடுத்தார்களாம். இரண்டே வாரத்தில் வெளுத்தாள், எல்லோரும் என்ன பூசுகிறாய் என்று கேட்டார்கள். நிறுத்தின பிறகு முகம் சிவந்து, வெயிலில் நிற்க முடியாமல், கல்யாணப் படத்தில் அரை அங்குலப் பூச்சுக்குள் இருந்தாள். அவள் டப்பாவில் என்ன இருந்ததென்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் இப்படிச் சடுதியாக வெளுக்க வைக்கிறவற்றில் பாதரசம் இருந்ததாக உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது, கடுமையான ஸ்டீரொய்டும்தான். பாதரசம் தோல் நிறமியான மெலனின் உண்டாவதைத் தடுக்கும், உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இல் கொண்டுவந்த மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனத்தில் பாதரசத்தை இல்லாமலாக்குவதையும் ஒரு வேலையாக வைத்திருக்கிறது, அந்த அளவுக்கு இது பெரிய விவகாரம். அந்தப் பிள்ளையை ஏசி என்ன, பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டதே நிறத்தைத்தானே.

மஞ்சள் பற்றி ஒரு வார்த்தை. இறக்குமதியை நிறுத்திய பிறகு, 2020இல், மஞ்சள் பொன் விலைக்குப் போய், கடல்வழியே கடத்திக்கொண்டு வந்து பிடிபட்டவர்களின் படம் பத்திரிகையில் வந்துகொண்டிருந்ததே. அந்தக் காலத்திலிருந்து நான் தூளாக வாங்குவதில்லை, கிழங்காக வாங்கி இடிப்பேன். முகத்துக்குக் கஸ்தூரி மஞ்சள்தான், அது கறி மஞ்சள் மாதிரிக் கறை பிடிக்காது, உள்ளே வெளிர் நிறம், கற்பூரம் மாதிரி மணக்கும். கடைக்காரர் தரும் கஸ்தூரி கையை மஞ்சளாக்கினால் அது கஸ்தூரி இல்லை. சந்தனத்தூள் என்று மலிவாக விற்பதை நான் வாங்குவதே இல்லை, அம்மம்மாவிடம் ஒரு கட்டையும் கல்லும் இருக்கிறது, ஐந்து நிமிடம் இழைத்தால் ஒரு பொட்டு அளவுதான் வரும், அந்த ஐந்து நிமிடமே எனக்குப் போதும்.

ஒரு விசயத்தில் மட்டும் நான் சமையலறையை நம்புவதில்லை. வெயில். தேங்காய் எண்ணெய் பூசினால் வெயில் தாக்காது என்று சொல்கிறவர்களை நண்பகலில் நிலாவெளி மணலில் ஒரு மணித்தியாலம் நிறுத்தவேண்டும். எங்களுக்கு நடுப்பகலில் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது புதினமில்லை. வெயில் தடுக்கும் அளவான எஸ்.பி.எஃப். 30 உள்ள கிறீம் எரிக்கிற கதிரில் ஏறத்தாழ 97 வீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98, அந்த ஒரு வீதத்துக்காக இரட்டிப்பு விலை கொடுப்பது உங்கள் இஷ்டம். முகத்துக்குச் சுட்டுவிரலும் நடுவிரலும் நீளத்துக்கு இரண்டு கோடு இழுத்துப் பூசவேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடி. நான் துத்தநாக ஒக்சைட்டு உள்ளதை வாங்குகிறேன், பூசினால் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், எங்கள் நிறத்துக்கு அது எடுத்துக் காட்டும், பரவாயில்லை. புறாமலைத் தீவுக்குப் போகும் நாட்களில் இன்னும் கவனம். அங்கே பவளப் பாறைக்கு மேலே நீந்துகிறோம், 2003இலிருந்து அது தேசியப் பூங்கா. ஹவாயில் ஒக்சிபென்சோன், ஒக்டினோக்சேட் என்ற கதிர் தடுக்கும் இரசாயனங்களில் ஏதாவது ஒன்று உள்ள வெயில் கிறீம்களின் விற்பனையை 2021 முதல் தடைசெய்தார்கள், பவளத்துக்குக் கெடுதல் என்று. எவ்வளவு கெடுதல் என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது, பவளம் வெளிறுவதற்குக் கடல் சூடாவதுதான் பெரிய காரணம். ஆனாலும் நான் கைநீளச் சட்டையோடு இறங்கிவிடுவேன். துணி எந்தக் கடலிலும் கரையாது.

தாடைக் கோடு போய்விட்டது. அதற்கு ஒன்றும் பூசவில்லை, வெயிலில் இருந்து மறைத்ததுதான் வைத்தியர் சொன்ன முக்கிய வேலை. ஏழு மாதம் சால்வையைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

போன சனிக்கிழமை தகரத்தில் மா முடிந்துவிட்டது. ஒரு கிலோ பச்சைப் பயறு, நூறு கிராம் வெந்தயம், ஐம்பது கிராம் கஸ்தூரி மஞ்சள், நிழலில் உலர்த்திய செவ்வரத்தம் பூ இரண்டு கைப்பிடி, துண்டாக நறுக்கிய வெட்டிவேர் கொஞ்சம். தோடம்பழத் தோலும் போடுவார்கள், நான் சூடு கண்ட பூனை. எல்லாவற்றையும் சுளகில் கொட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்து, பயறைக் கடித்தால் டொக்கென்று உடைகிற பதம் வந்த பிறகு மில்லுக்குக் கொண்டுபோனேன். அரைத்து வந்து வேட்டித் துணியில் சலிக்க வேண்டும், அரிதட்டின் கண் பெரிது, நொய் நின்றால் முகத்தைக் கீறும்.

மில்லில் முதல் ஆளாக நிற்கவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. ஆறே முக்காலுக்குப் போயும் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார், காலடியில் பெரிய உரப்பை. கிட்டப் போனபோதே எனக்குத் தும்மல் வந்தது. செத்தல் மிளகாய், பத்துக் கிலோ இருக்கும்.

"ஐயா, நான் முதல் போடலாமா? இது முகத்துக்குப் பூசுற மா."

அவர் என் பையைப் பார்த்தார், தன் பையைப் பார்த்தார், சிரித்தார். "போடு பிள்ளை, போடு. போன மாதம் எங்கட வீட்டில ஒராள் மாறி வாங்கி, குளிச்சுப்போட்டு தெருவுக்கு ஓடினவ."